வெள்ளி விமானத்தில் ரோஸ் நிறப் பஞ்சு

“இதை உங்க வீட்டுக்காரர் செய்யலம்மா” என்றார் சுயம்புலிங்கம் சார்.

சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதிரே நின்ற செலினாவின் முகம் என்ன ஆனதென்று அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். துப்பறிய வருவதற்கு முன்னால் எங்கள் சார் இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்த மில்லும் நொறுங்கிய லாரியும்தான் அவர் பார்த்துப் பழகியவை. அவற்றுக்கு வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை இருக்காது.

“சார், அவங்களை உட்கார வச்சுட்டுக் குண்டைத் தூக்கிப் போடக்கூடாதா?” என்று கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். செலினா உட்காரவில்லை.

நாங்கள் நின்றது ஸ்ரீவில்லிபுத்தூரில், தங்கப்பாண்டியன் புதிதாகக் கட்டியிருக்கும் கல்யாண மண்டபத்தின் மாடியறையில். ஜன்னல் இல்லாத ஏசி அறை. நடு மேசையில் ஒரு முழத்துக்கு மேல் இறக்கை விரித்த டகோட்டா விமானம், பிளாஸ்டிக்கில் செய்த மாதிரி. தங்கப்பாண்டியனின் அப்பா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் தொட்டு வேலை பார்த்த விமானம், மண்டபத் திறப்பு விழா அன்றைக்கு வாசலில் நிற்க வேண்டும் என்பது மகனுடைய ஆசை. அதுவும் பெயின்ட் பூசாத வெறும் அலுமினியத் தகடாகவே தெரிய வேண்டும்.

பிளாஸ்டிக்கை அப்படி ஏமாற்றித் தகடாக்குவதில் ராஜபாளையம் எபனேசரை மிஞ்ச ஆள் கிடையாது. செலினாவின் கணவர். போன புதன்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது எபனேசர் இல்லை. பாதி வேலையில் இருந்த விமானம் இல்லை. பெயின்ட் அடிக்கிற ஏர்பிரஷும் சின்ன கம்ப்ரஸரும் இல்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஆள் ஆட்டோவில் வந்து, தான்தான் எபனேசர் என்று சொல்லி, முடித்த விமானத்தை இங்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அது தெரிந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் செலினாவிடம், “உம் புருஷன் கல்லு மாதிரி இருக்கான். கோவம் தணிஞ்சா வருவான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து நேராக எங்களிடம் வந்தாள்.

“எம்பிள்ளைக்கு அப்பா இருக்காவளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க சார்” என்றாள். அதைச் சொல்லத்தான் வந்திருந்தோம். சார் சொல்ல ஆரம்பித்த லட்சணம் இது.

“எப்படி சார் அவிய செய்யலன்னு சொல்லுதீய?” செலினா குரல் உயர்ந்தது.

“விமானத்தோட உடம்பைப் பாருங்க. வெள்ளிப் பெயின்ட்டுக்கு அடியிலயும் மேலயும் நூல் நூலா பஞ்சு. உங்க வீட்டுக்காரர் இதை விடுவாரா?”

விடமாட்டார். அது எனக்கே தெரியும். காலையில் அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். சுற்றிலும் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள். காற்றிலேயே பஞ்சு பறக்கும். வெள்ளிப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் கண்ணாடி போலக் கறுப்பு அடிக்க வேண்டும். அந்தக் கறுப்பில் ஒரு தூசி ஒட்டினாலும் அதன் மேல் வருகிற வெள்ளி அதைப் பத்து மடங்காக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எபனேசர் பெயின்ட் அடிப்பது குளியலறையில்தான். சுவரையும் தரையையும் நனைத்துவிட்டு, நூல் உதிரும் என்று சட்டைகூடப் போடாமல், கதவைச் சாத்திக்கொள்வார். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்காரர்கள் வந்திருந்தபோது மாப்பிள்ளை அரை நாள் குளியலறையை விட்டு வெளியே வராததைப் பற்றிச் செலினா சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

“அதுபோக, உங்க தெருப் பஞ்சு வெள்ளை. இதுல இருக்கது ரோஸும் பச்சையும்” என்றார் சார். “இது வேற ஊர், வேற ஆள்.” தங்கப்பாண்டியன் பக்கம் திரும்பினார். “வந்த ஆளைப் பத்திச் சொல்லுங்க அண்ணாச்சி.”

தங்கப்பாண்டியன் பயந்துபோயிருந்தார். புது மண்டபத்தில் முதல் விசேஷமே போலீஸ் விவகாரமாகிவிடுமோ என்ற கவலை. “தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நாலு நாள் தாடி. இதுக்கு முன்னால நான் அவர நேர்ல பாத்ததில்ல சார், எல்லாம் போன்லதான் பேசுனது. தங்கச்சி காட்டுன போட்டோவும் அவரும் ஒண்ணான்னா, சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஒண்ணு, ஆளு போதையில இருந்தாரு.”

“அவிய குடிக்க மாட்டாவ!” என்றாள் செலினா.

“பட்டப்பகல்ல படியில தடுமாறுனாரும்மா. ஆட்டோக்காரன் தோளப் புடிச்சுத்தான் ஏறுனாரு. நான் கை குடுத்தேன், திரும்பிக்கூடப் பாக்கல. செல்பி எடுக்கக் கூப்பிட்டேன், வேண்டாம்னுட்டாரு. அம்புட்டுத் திமிரு.”

“குடிகாரன், திமிர் பிடிச்சவன், போட்டோவுக்குப் பயப்படுறவன்” என்று சார் விரல் விட்டு எண்ணினார். “மூணுமே எபனேசர் இல்ல.”

“மூணையும் சேர்த்தா எங்க மாமா” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

செலினா விமானத்தின் அருகே போய்க் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“சார், உடம்பு யார் செஞ்சதோ தெரியாது. இந்த இறக்கை அவிய கைதான்.”

இறக்கைகளில் பெயின்ட் இல்லை. சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு திசையில் தேய்க்கப்பட்டு, ஒன்று பளிச்சென்றும் பக்கத்துக் கட்டம் சற்று மங்கியும், நிஜ விமானத்தின் தகடுகள்போலவே இருந்தது. சார் மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தார். இறக்கை முழுக்கத் தேடியும் ஒரு சுருக்கம்கூட அகப்படவில்லை.

“இந்த மங்கல் எப்படி வருதுன்னு தெரியுமா சார்? தாளை முட்டையோட போட்டு அவிப்பாவ. அந்த முட்டையத் திங்கக்கூடாதுன்னு எங்க வீட்டுல தனிச் சட்டியே இருக்கு. இத வேற யாரு செய்வா? புதன்கிழமை நான் வேலைக்குப் போறப்ப இறக்கை வெறும் சாம்பல் பிளாஸ்டிக்காத்தான் இருந்துச்சு.”

சார் முகம் மாறியது. அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இறக்கையை எபனேசர் முடித்திருக்கிறார். உடம்பை முடிக்கவில்லை. அதை வேறொருவன் முடித்து, எபனேசர் என்று பொய் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அப்படியென்றால் இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் எபனேசருக்கு என்ன நடந்தது?

நல்லவேளையாக அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் செலினா நர்ஸ். மற்றவர்கள் சொல்லாமல் விடுவதைப் படித்துப் பழகியவள். இந்தத் தடவை அவளே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்ன நெனைக்கியளோ சொல்லிருங்க சார்.”

அப்போதுதான் கரண்ட் போனது.

ஜன்னலில்லாத அறை என்று முன்பே சொன்னேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. “ஜெனரேட்டர் போடச் சொல்லுதேன், செத்த நேரம் அசையாம இருங்க. பாப்பா, நீ மேசைய இடிச்சுராத!” என்று தங்கப்பாண்டியன் கத்திக்கொண்டே சுவரைத் தடவி வெளியே போனார். எனக்கு இருபத்தேழு வயது. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்து முடித்த பாப்பா.

இடித்துவிடக் கூடாதே என்று மேசை எங்கே இருக்கிறதெனக் கையை மெல்ல நீட்டினேன். விரல் இறக்கையில் பட்டது. எடுக்க மனம் வரவில்லை. தாளின் அடியில் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு ஆணியும் விரலுக்குத் தெரிந்தது. இது தகட்டு ஓரம், இது இன்ஜின் மூடி என்று சொல்லிவிடலாம்.

“சார், இந்த இறக்கைய ரசிக்க லைட்டே வேண்டாம்” என்றேன். “வேணும்னா நானே இருட்டுல உட்காந்து ஒட்டிருவேன்போல.”

ஜெனரேட்டர் உறுமி, விளக்கு வந்தது. சார் அசையாமல் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி ரஞ்சனி, இப்ப என்ன சொன்ன?”

“நானே ஒட்டிருவேன்னு... சும்மா சொன்னேன் சார்.”

“தாளை ஒட்டுறவன் தொட்டுத் தொட்டு ஒட்டலாம். கோடு எங்க இருக்குன்னு நகம் சொல்லும், பிளேடு அதுல போகும். ஆனா ஈரப் பெயின்ட்டை?”

“தொடக்கூடாது. விரல் பதிஞ்சிரும்.”

“அதைக் கண்ணாலதான் பாத்தாகணும்.” சார் தலையில் கை வைத்துக்கொண்டார். “நான் வரிசையையே தப்பாப் போட்டுட்டேன். உடம்புதான் முதல்ல. காஞ்ச பொறவு தடவிப் பாத்திருக்கான், பஞ்சு விரல்ல தட்டியிருக்கு. அதுக்கு மேல பெயின்ட்டை நம்பாம இறக்கைக்குத் தாளை எடுத்துட்டான். ரெண்டு ஆள் இல்ல. ஒரே ஆள். படியில தடுமாறுனவன் குடிகாரன் இல்ல. நீட்டுன கையப் பிடிக்காதவன் திமிர் பிடிச்சவனும் இல்ல.”

திரும்பி வந்திருந்த தங்கப்பாண்டியன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உங்க வீட்டுக்காரர் உசுரோடதான் இருக்காரும்மா. ஞாயித்துக்கிழமை இங்க வந்தது அவர்தான். அவருக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு.”

செலினா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து ஏசிக்குக் கீழே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

“சாயங்காலம் ஆனா பைக் எடுக்க மாட்டாவ. கண்ணுல கொசு விழுதுன்னு சொன்னாவ” என்று சுவரிடம் சொன்னாள். “தட்டுல கறி எங்க இருக்குன்னு தடவுவாவ. யோசனையில இருக்காவன்னு நெனச்சேன். நான் நர்ஸு சார். ஊருக்கெல்லாம் பி.பி. பாக்கேன்.”

“எங்ககிட்ட எதையோ சொல்லாம விட்டிருக்கீங்க” என்றார் சார், இந்த முறை மெதுவாக.

“செவ்வாய்க்கிழமை உடம்புக்குக் கறுப்பு அடிச்சுட்டு வந்து காட்டுனாவ. தூசி இருக்கா பாருன்னாவ. டபுள் டியூட்டி பாத்துட்டு வந்த அலுப்பு எனக்கு. ‘இம்புட்டுப் பஞ்சு ஒட்டிருக்கு, கண்ணு தெரியலையா உங்களுக்கு’ன்னு கேட்டேன்.” சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். “எல்லாரும் சொல்லுத வார்த்தைதான சார் அது?”

எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். நான் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறேன். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சார் பேச்சை வேலைக்குத் திருப்பினார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான்.

“ரோஸும் பச்சையும் பஞ்சா உதிர்ற இடம். தையல் நடக்குற இடமா இருக்கணும். சொந்தத்துல யாராவது?”

செலினா சட்டென்று திரும்பினாள். “வ. புதுப்பட்டியில அவிய அண்ணன் இருக்காவ. தேவஇரக்கம். நைட்டி தைக்கிற கம்பெனி. ஆனா அண்ணன் தம்பிக்குள்ள பேச்சே கிடையாது. எங்க கல்யாணத்துக்குக்கூட வரல. போலீஸ் போன் போட்டப்பவும் தம்பி அங்க வரவே இல்லன்னு சொல்லிட்டாவ.”

“போன்ல சொல்றது சுலபம்” என்றார் சார். “கிளம்புங்க.”

சாரின் ஆம்னி வேனை நான்தான் ஓட்டினேன். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் வரிசையாகத் திரும்பி வழியை அடைத்தன. ஹாரன் அடித்தே கை வலித்தது. வத்திராயிருப்பு ரோட்டில் திரும்பியதும் எதிரே மலை தெரிந்தது. பிளவக்கல் அணை அந்தப் பக்கம்தான். செலினா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு வந்தாள். எதை நினைக்கிறாள் என்று தெரிந்ததால் வேகமாக மிதித்தேன்.

“அவிய அண்ணனுக்கும் கண்ணு தெரியாது” என்றாள் திடீரென்று. “சின்ன வயசுல சிவகாசிப் பக்கம் வெடி விபத்துல போயிருச்சாம்.”

இந்தப் பக்கத்தில் அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை. நானும் கேட்கவில்லை. கண்ணாடியில் சாரைப் பார்த்தேன். சாரும் என்னைத்தான் பார்த்தார். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும்.

ஓட்டு வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. உள்ளே மெஷின்கள் தடதடக்கப் பெண்கள் நைட்டி தைத்துக்கொண்டிருந்தார்கள். மூலை முடுக்கெல்லாம் ரோஸும் பச்சையும் பஞ்சாக அப்பியிருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு, உயரமான ஒருவர், தைத்து முடித்த நைட்டியின் ஓரத்தை விரலால் உருவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, “ஏ கருத்தம்மா, இங்க தையல் விட்டிருக்கு பாரு” என்று உள்ளே எறிந்தார். வேன் கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றார்.

“யாரு?”

“நான் செலினா.”

தேவஇரக்கம் ஒதுங்கி வழிவிட்டார். “உள்ளதான் இருக்கான். போலீஸ்கிட்ட நான் பொய்தான் சொன்னேன். அவன் கால்ல விழுந்து கேட்டுக்கிட்டான். கண்ணில்லாம எப்படிப் பொழைக்கதுன்னு கத்துக் குடுண்ணேன்னு வந்தவன, நான் எப்படித் தொரத்த?”

இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். எனக்கு மூச்சு வந்தது. செலினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

எபனேசர் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில், கதவு முழுக்கத் திறந்திருந்தது. கையில் ஒரு துண்டு அலுமினியத் தாள். செலினா அவருக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

“அண்ணனா?” என்று கேட்டார்.

செலினா வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தில் எபனேசர் எழுந்துவிட்டார். தாள் கீழே விழுந்தது.

“செலினா...”

“செத்துட்டியளோன்னு நெனச்சேன்” என்றாள். “ஆத்துல கெணத்துல பொணம் கெடக்கான்னு போலீஸ்கிட்ட கேட்டேன். இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறிக் கேட்டேன். கண்ணு தெரியலன்னா எங்கிட்டச் சொல்லக்கூடாதா? சரியாக்க ஆஸ்பத்திரியே இல்லையா?”

“சரியாகாது” என்றார் எபனேசர். “மதுரையில பாத்தாச்சு. ஒனக்குத் தெரியாம.”

“என்ன வியாதி?”

வாசலில் எங்கள் பக்கத்தில் நின்ற தேவஇரக்கம் தொண்டையைச் செருமினார்.

“சொல்லுலே. இப்பமாவது சொல்லு.”

எபனேசர் தலையைக் குனிந்துகொண்டார். செலினா அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். நர்ஸாயிற்றே, கணக்கு அவளுக்கும் வந்துவிட்டது.

“அத்தான், உங்களுக்கு வெடியிலதான கண்ணு போச்சு?”

“நான் தீபாவளிக்குக்கூட வெடி போட்டதில்லம்மா” என்றார் தேவஇரக்கம். “எங்க அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு வந்துச்சு. இவனுக்கும் வரும்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. பொண்ணு வீட்டுல சொல்லிட்டுக் கட்டுலேன்னேன். சொன்னா ஒன்னக் குடுக்க மாட்டாவன்னான். சொல்லாத கல்யாணத்துல வந்து நிக்க எனக்கு மனசு வரல. அதுதான் எங்க சண்டை. வேற ஒண்ணும் இல்ல.”

கொட்டகையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. செலினா தன் வயிற்றின் மேல் கையை வைத்தாள். அவள் கேட்கப்போவது என்னவென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

“அப்ப இதுக்கு?”

“வரலாம். வராமலும் போகலாம்” என்றார் தேவஇரக்கம். “ஒங்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்.”

எங்கள் வேலை முடிந்துவிட்டது. சார் என் தோளைத் தொட்டு வெளியே வரச் சொன்னார். நான் நகரவில்லை. எபனேசர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அவள் எங்கே நிற்கிறாள் என்று தேடினார். செலினா ஓர் அடி பின்னால் போனாள். காற்றைத் தடவிய அந்தக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை.

“செலினா, அழாத. ஏதாவது பேசு” என்றார் அவர். “திட்டு. சொல்லியிருந்தா நீ கட்டியிருக்க மாட்ட, எனக்குத் தெரியும்.”

“கட்டியிருப்பேன்” என்றாள் செலினா. “சொல்லியிருந்தாலும் உங்களத்தான் கட்டியிருப்பேன். அதுக்குத்தான் அழுவுதேன்.”